குதிரை இருக்கிற இடத்தில் அரளி வேலியா? அழகுச் செடிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்புக்குள் இரண்டு குதிரை வைத்திருக்கிறேன், ஒரு மட்டக்குதிரை, ஒரு கத்தியவாரி இனப் பெட்டை. நான் கால்நடை மருத்துவர் இல்லை. ஆனால் அந்தியூர் ஆடிச் சந்தையில் ஆசைப்பட்டுக் குதிரை வாங்கிவிட்டு, பண்ணை வீட்டைச் சுற்றி நர்சரியிலிருந்து லாரியில் செடி இறக்குகிறவர்கள் அடிக்கடி எனக்குப் போன் செய்கிறார்கள். ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்லி வாய் வலிக்கிறது, அதனால் எழுதி வைத்துவிட்டேன்.

விஷச்செடியைக் குதிரை தானாகவே ஒதுக்கிவிடாதா? மிருகத்துக்குத் தெரியாதா?

பாதி உண்மை, அந்தப் பாதியை நம்பித்தான் குதிரைகள் சாகின்றன. ஆடு தொடாத இலை என்றே ஒரு செடிக்கு நம் ஊரில் பெயர் உண்டு, ஆடாதோடை. குதிரைக்கு அந்த அளவு சாமர்த்தியம் கிடையாது. வயிறு நிறைந்து, புல் பக்கத்திலேயே இருந்தால் கசக்கிற பச்சை இலையை ஒதுக்கும், சரி. பசி வந்தால் ஒதுக்காது. நாள் முழுக்க ஒரே இடத்தில் கட்டிப்போட்டு, செய்ய வேறு வேலை இல்லாமல் நின்றால் கைக்கு, அதாவது வாய்க்கு, எட்டியதை எல்லாம் கடித்துப் பார்க்கும். குட்டிகள் இன்னும் மோசம். எல்லாவற்றையும்விட முக்கியமானது இது: செடியை வெட்டிப் போட்டால் இலை வாடி கசப்பு மட்டுப்பட்டுவிடும், விஷம் அப்படியே இருக்கும்.

இன்னொரு விஷயம். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உணவுக்குழாய் இரைப்பையில் சேருமிடத்தில் உள்ள தசைவளையம் அவ்வளவு இறுக்கமானது, ஒருவழிப் பாதை. நாய் கண்டதைத் தின்றால் கக்கித் தப்பித்துக்கொள்ளும், குதிரைக்கு அந்த வழியே இல்லை.

ஒரே ஒரு செடியைத்தான் ஒழிக்க முடியும் என்றால் எதை ஒழிக்கட்டும்?

அரளி. யோசிக்கவே வேண்டாம்.

செவ்வரளி, வெள்ளரளி, ரோஸ் அரளி, அடுக்கரளி எல்லாம் ஒன்றுதான். தண்ணீர் கேட்காது, ஆடு மாடு மேயாது, வருடம் முழுக்கப் பூக்கும் என்றுதான் நான்குவழிச் சாலைகளின் நடுவில் வரிசையாக நட்டிருக்கிறார்கள். அதே காரணத்துக்காகத்தான் பண்ணை வீட்டு வேலிக்கும் அதை வாங்குகிறார்கள். இலை, பூ, பட்டை, வேர், குச்சி, எதுவும் பாக்கி இல்லை, எல்லாவற்றிலும் இதயத்தைத் தாக்கும் நச்சு இருக்கிறது, ஒலியாண்ட்ரின் என்று பெயர். வளர்ந்த ஒரு குதிரையைச் சாய்க்க 30 முதல் 40 இலை போதும் என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. எண்ணிப் பாருங்கள், ஒரு முழ நீளக் கிளை ஒன்றிரண்டில் அவ்வளவு இலை இருக்கும். காய்ந்து சருகானாலும் வீரியம் போகாது. தண்ணீர்த் தொட்டிக்குள் இலை விழுந்து ஊறினால் அந்தத் தண்ணீரும் ஆகாது.

அடையாளம் தெரியாமல் இருக்க வழியில்லை, ஆனாலும் சொல்கிறேன், ஏனென்றால் காய்ந்த இலையை வைக்கோலுக்குள் கண்டுபிடிப்பது வேறு வித்தை. கணுவுக்குப் பெரும்பாலும் மூன்று இலை, நீளமாக ஈட்டி மாதிரி, நடுநரம்பு வெளிறித் தடித்திருக்கும். காய்ந்த பிறகும் சுருண்டு பொடியாகாமல் தோல் மாதிரி விறைப்பாக நிற்கும்.

உங்கள் குதிரை எப்போதாவது தின்றிருக்கிறதா?

தின்றிருக்கிறது, அதனால்தான் இவ்வளவு பேசுகிறேன். பக்கத்துத் தோட்டத்தில் வேலி வெட்ட ஆள் வந்தது. வெட்டியதைச் சுவருக்கு இந்தப் பக்கம் தள்ளிவிட்டுப் போய்விட்டார்கள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, குதிரைக்குத் தழை போட்ட புண்ணியம் என்றே நினைத்திருக்கிறார்கள். இரண்டு நாள் வெயிலில் அது வாடிக் கிடந்திருக்கிறது, மூன்றாம் நாள் காலை நான் போய்ப் பார்க்கும்போது பெட்டை காடியில் போட்ட புல்லைத் தொடாமல் நின்றுகொண்டிருந்தாள். வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாள், கழுத்தில் வேர்வை, சாணம் தண்ணீராகப் போயிருக்கிறது.

நான் சாதாரண வயிற்றுவலி என்று நினைத்து நடத்திக்கொண்டு போகக் கயிற்றை அவிழ்த்தேன். சுவரோரம் கிடந்த குச்சிகளைக் கண்டதும்தான் உறைத்தது. இடது முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டால் இதயத் துடிப்பு ஓடுகிறது, நிற்கிறது, மறுபடி இரண்டு மூன்று சேர்ந்து ஓடுகிறது. ஓய்வில் இருக்கும் குதிரைக்கு நிமிடத்துக்கு 28 முதல் 44 துடிப்பு இருக்க வேண்டும், அவளுக்கு எழுபதைத் தாண்டியிருந்தது. (நல்ல ஆரோக்கியமான குதிரைக்கும் சும்மா நிற்கும்போது இடையிடையே ஒரு துடிப்பு விட்டுப் போவது உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் பிறகு சொன்னார். வேகமும் கூடித் தாளமும் தப்பினால்தான் ஆபத்து.) டாக்டர் வந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டு, நச்சை உறிஞ்சும் மருத்துவக் கரித்தூளைக் கரைத்து ஊற்றினார். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும் குதிரை கடிவாளம் என்றால் மூடும் என்பார்களே, குழாயைக் கண்டதும் அவள் போட்ட ஆட்டத்தில் மூன்று பேர் பிடிக்க வேண்டியிருந்தது, அந்த ஆட்டமே எங்களுக்குப் பயமாக இருந்தது. இரண்டு நாள் கண்காணித்தோம், பிழைத்துக்கொண்டாள். கீழே கிடந்த குச்சிகளில் முக்கால்வாசி கடிபடாமல் இருந்ததுதான் எங்கள் அதிர்ஷ்டம்.

தங்க அரளி, அடீனியம், எருக்கு, இவையும் அதே ரகமா?

ஆமாம். மஞ்சள் பூ பூக்கும் தங்க அரளியின் கொட்டையில் விஷம் இன்னும் அடர்த்தி. தொட்டியில் குண்டு அடியோடு அழகாக நிற்கும் அடீனியமும் அரளியின் சொந்தக்காரர்தான். எருக்கும் இதயத்துக்கு ஆகாதது. அலமண்டா வேறு மாதிரி, அது வயிற்றைப் பிடுங்கிப் பேதி ஆக்கும். இந்தக் குடும்பத்தில் கிள்ளினால் பால் வடியும் எதையும் லாயத்துப் பக்கம் வைக்காதீர்கள்.

கோயில் மாலையில் அரளிப்பூ வருகிறதே, ஆயுத பூஜைக்குக் குதிரைக்குப் போடலாமா?

வேண்டாம். குதிரைக்கு மாலை போட்டுப் போட்டோ எடுத்தபின் யாரும் கழற்றுவதில்லை. அது தலையைக் குனிந்து தானும் தின்னும், பக்கத்தில் நிற்கிற குதிரையும் பிடுங்கித் தின்னும். சாமந்திகூட அதிகமாகத் தின்றால் குதிரைக்கு ஒத்துக்கொள்ளாது. ரோஜாவும் மல்லிகையும் பரவாயில்லை. 2024ல் கேரளத்தில் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியே கூடாது என்று நிறுத்தின, அது மனிதர்களுக்காக. கழற்றிய மாலையைக் கடற்கரையிலோ குளக்கரையிலோ வீசினால் அங்கே மேய்கிற குதிரைக்கு அது தழைதான்.

கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை அனுப்புகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மாப்பிள்ளை கிளம்பும்வரை மண்டப வாசலில் ஒரு மணி நேரமாவது கட்டி வைப்பீர்கள். அங்கே வாடகைக்கு வந்த தொட்டிச் செடிகள் வரிசையாக நிற்கும். கயிற்றை அதற்கு எட்டாமல் கட்டுங்கள்.

ஆமணக்கு எண்ணெய் மருந்துதானே, செடி எப்படி விஷம் ஆகும்?

எண்ணெய் வேறு, கொட்டை வேறு. ரிசின் என்ற நச்சு எண்ணெயில் வராது, கொட்டையிலும் பிழிந்த சக்கையிலும் தங்கிவிடும். கால்நடைகளில் குதிரைக்குத்தான் ரிசின் மிகக் கடுமையாகப் பிடிக்கும். கொட்டையை முழுசாக விழுங்கினால் ஓடு உடையாமல் வெளியே வந்துவிடலாம். ஆனால் குதிரை மென்று தின்னும் பிராணி, அதன் கடைவாய்க்கு ஆமணக்கு ஓடு ஒன்றுமே இல்லை. குன்றிமணியும் அப்படித்தான். தின்ற உடனே ஒன்றும் தெரியாது, சில மணி நேரம், சில சமயம் ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வயிற்றுவலியும் பேதியும் ஆரம்பிக்கும்.

இதில் ஆமணக்குச் செடியைவிட எனக்குப் பயம் ஆமணக்குப் பிண்ணாக்கின் மேல்தான். ரோஜாவுக்குப் போடும் இயற்கை உரம் என்று மூட்டை மூட்டையாகக் கிடைக்கிறது. கடலைப் பிண்ணாக்கு, எள்ளுப் பிண்ணாக்கு மூட்டையோடு அதையும் ஒரே அறையில் அடுக்கியிருப்பதைப் பல பண்ணைகளில் பார்த்திருக்கிறேன். வேலைக்குப் புதிதாக வந்த பையனுக்கு என்ன தெரியும்? உர மூட்டைக்குத் தனி அறை, தனிப் பூட்டு.

ஊமத்தை?

குப்பைமேட்டு ஊமத்தை எல்லாருக்கும் தெரியும். அதையே பெரிதாக்கித் தலைகீழாகத் தொங்கவிட்ட மாதிரி, மாலையில் மணக்கிற பூ ஊட்டியிலும் கொடைக்கானலிலும் சாலையோரம் நிற்கும், பார்த்திருப்பீர்கள், கிளையை ஒடித்து வந்து வீட்டில் நடுகிறார்கள். இரண்டிலும் இருப்பது அட்ரோபின் வகை நச்சு. கண்பாவை விரியும், வாய் உலரும், துடிப்பு ஓடும், குடல் அசைவு நின்று வயிற்றுவலி வரும்.

பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு தலைவலி உண்டு. தீவனத்தில் கலந்த ஊமத்தை விதையால், யாரும் எதுவும் கொடுக்காமலே ஊக்கமருந்துப் பரிசோதனையில் குதிரை மாட்டிக்கொள்ளும். ஊமத்தை விதை தட்டையாகக் காது வடிவத்தில் மங்கிய பழுப்பு நிறத்தில் இருக்கும், கொள்ளோடு கலந்தால் சட்டென்று கண்ணுக்குப் படாது. கொள்ளை ஊறப்போடும் முன் முறத்தில் ஒருமுறை புடைத்துவிடுங்கள், நம் பாட்டிகள் செய்ததுதான்.

மலைப்பகுதியில் குதிரை வைத்திருக்கிறோம். அங்கே வேறு ஏதாவது?

அங்கேதான் பட்டியல் நீளம், ஏனென்றால் வெள்ளைக்காரர் காலத்துத் தோட்டச் செடிகள் எல்லாம் மலையில்தான் குடியேறின. ஹைட்ரேஞ்சியாவில் சயனைடு வெளிவிடும் பொருள் இருக்கிறது. அசேலியா, ரோடோடென்ட்ரான் இரண்டும் வயிறு, இதயம், நரம்பு மூன்றையும் தொடும். ஃபாக்ஸ்க்ளவ் எனப்படும் டிஜிடாலிஸ் இதய மருந்தே எடுக்கிற செடி, அரளிக்குச் சமம். வெண்ணெய்ப்பழ மரத்தின் இலையைத் தின்றால் குதிரைக்குத் தலையும் கழுத்தும் வீங்கும், பெட்டைக்கு மடி வீங்கும், இதயமும் கெடும். ஓடையோரம் மண்டிக் கிடக்கும் பெரிய பெரணியை நாள்கணக்கில் தின்றால் உடம்பில் பி1 சத்து அழிந்து, கால் பின்னித் தள்ளாடும். இதில் ஒரே ஆறுதல், நேரத்தோடு கண்டுபிடித்தால் பி1 ஊசியால் தேறிவிடும்.

சவாரி முடிந்த மட்டக்குதிரைகளை ராத்திரியில் அவிழ்த்துவிடுகிறார்களே, அவை குப்பைத்தொட்டியில் மேய்கின்றன. காட்டேஜ் தோட்டங்களில் வெட்டிய கழிவு போய்ச் சேருகிற இடமும் அதே குப்பைத்தொட்டிதான்.

உடனே கொல்லாமல் மெதுவாகக் கெடுக்கும் செடிகள் உண்டா?

உண்டு, அவைதான் ஏமாற்றும்.

உண்ணிச்செடி முதலில். கலர் கலராகப் பூக்கிறது என்று அழகுக்காக இந்தியாவுக்குக் கொண்டு வந்ததுதான், இன்று காடெல்லாம் அதுதான். ஈரலைக் கெடுக்கும். ஈரல் கெட்டால் பச்சைத் தீவனத்தின் கழிவு ஒன்று ரத்தத்திலேயே தங்கி, வெயில் பட்ட தோலை வேக வைக்கும். நெற்றி வெள்ளை, மூக்கு வெள்ளை, கால் வெள்ளை உள்ள குதிரையில் அந்த வெள்ளைப் பகுதி மட்டும் சிவந்து தோல் உரிந்தால் வெயில் கொப்புளம் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டிருக்காதீர்கள், ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை கேளுங்கள்.

கிலுகிலுப்பை அடுத்தது. மஞ்சள் பூ, குலுக்கினால் சலசலக்கும் காய். இதன் நச்சு கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் சேதத்தைச் சேர்த்துக்கொண்டே போகும், தின்று மாதங்கள் கழித்துக்கூட விளைவு தெரியும். ஆஸ்திரேலியாவின் கிம்பர்லி பகுதியில் குதிரைகள் காரணமே இல்லாமல் நடந்துகொண்டே இருந்து, முட்டி மோதிச் சாகும் நோய்க்கு இந்தச் செடி இனம்தான் காரணம். தோப்பில் பசுந்தாள் உரத்துக்கு விதைக்கிற சணப்பையும் இதே இனம். அழகுச் செடி இல்லை, ஆனாலும் எங்கள் பக்கம் எல்லாத் தோப்பிலும் இருப்பதால் சொல்கிறேன், அதன் விதையைக் குதிரைக்குக் காட்டாதீர்கள்.

மூன்றாவது யாரும் சந்தேகப்படாத ஒன்று. இரவில் மணக்கும் செஸ்ட்ரத்தைச் சிலர் இரவு ராணி என்பார்கள். அதன் தம்பி ஒன்று பகலில் மணக்கும், வெள்ளைப் பூ, கறுத்த சின்னப் பழம். அதன் இலையில் டி வைட்டமின் மாதிரியே வேலை செய்யும் பொருள் இருக்கிறது. குதிரை தின்னத் தின்ன ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்து ஏறி, ரத்தக்குழாயிலும் தசைநாரிலும் படியும். அமெரிக்காவின் புளோரிடாவில் குதிரைகள் இளைத்து நொண்டியதற்கு இதுதான் காரணம் என்று 1970களில் கண்டுபிடித்தார்கள்.

வேலிக்கு வைக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு நாளடைவில் நரம்பைக் கெடுக்கும், நடை தடுமாறும். பூ ரோஸ் நிறத்தில் அழகுதான், வேண்டாம்.

செங்காந்தள் நம் மாநில மலர் ஆயிற்றே?

மலருக்கு வணக்கம், கிழங்குக்கு இன்னும் பெரிய வணக்கம். கோல்சிசின் என்ற நச்சு செடி முழுக்க இருக்கிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகப் பயிரே செய்கிறார்கள். அறுவடை முடிந்த காட்டில் குதிரையை அவிழ்த்துவிட வேண்டாம்.

வராண்டாத் தொட்டிச் செடிகள்?

டைஃபன்பாக்கியா, மணிபிளாண்ட், ஃபிலோடென்ட்ரான் போன்றவற்றில் கண்ணுக்குத் தெரியாத ஊசிப் படிகங்கள் இருக்கின்றன. கடித்த உடனே வாய் எரியும், எச்சில் ஒழுகும், அதனால் நிறையத் தின்னாது. சைகஸ் அப்படி இல்லை, ஈரலுக்குக் கேடு. குரோட்டன்ஸ் பால் புண்ணாக்கும். மஞ்சள் டுராண்டா வேலியின் பழம் ஆகாது.

இணையத்தில் யூ மரம், சிவப்பு மேப்பிள் என்று பட்டியல் வருகிறதே?

இரண்டும் பயங்கரமானவைதான். யூ தின்ற குதிரை வாயில் இலையோடே செத்துக் கிடக்கும் என்பார்கள், வாடிய சிவப்பு மேப்பிள் இலை ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஆனால் அவை இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் குதிரை வளர்க்கிறவர்களின் கவலை. அந்தப் பட்டியலைப் பிரிண்ட் எடுத்து லாயத்தில் ஒட்டிவிட்டு, அதற்கு எதிரிலேயே அரளி வேலி வைத்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

பிறகு என்னதான் நடுவது?

செம்பருத்தி, ரோஜா, மல்லிகை, இட்லிப் பூ, அரிக்கா பாம். முள் பரவாயில்லை என்றால் காகிதப் பூ. செம்பருத்தியைக் குதிரை மொட்டையடித்துவிடும், அது உங்கள் நஷ்டம், குதிரைக்கு ஒன்றுமில்லை. எதை நட்டாலும் குதிரையின் கழுத்து எட்டும் தூரத்தை மனதில் வையுங்கள். கம்பிக்கு மேலே நீட்டினால் ஐந்தடி சர்வ சாதாரணம்.

வெட்டிய புல், தழையைக் குதிரைக்குப் போடலாமா?

புல்தரை மெஷினில் வெட்டிய புல்லைக் குவியலாகப் போடாதீர்கள், சூடேறிப் புளித்து வயிற்றுவலி வரும். அதற்குள் வேலியின் இலை கலந்திருந்தால் அவ்வளவுதான்.

தீவனத் தட்டை நறுக்கும் மெஷின் பற்றியும் சொல்ல வேண்டும். குதிரையின் மேலுதடு நம் விரல் மாதிரி, புல்லுக்குள் பிடிக்காததைத் தள்ளித் தள்ளிப் பொறுக்கும். நேப்பியர் புல் கட்டோடு இரண்டு அரளிக் கொத்து சேர்ந்து மெஷினுக்குள் போய், எல்லாம் அரை அங்குலத் துண்டாகி வெளியே வந்தால் எந்த உதட்டாலும் பிரிக்க முடியாது. மெஷினுக்குள் விடும் முன் கட்டை அவிழ்த்து உதறிப் பாருங்கள்.

தின்றுவிட்டது என்று சந்தேகம். முதலில் என்ன செய்வது?

செடியிலிருந்து குதிரையைத் தள்ளிக் கட்டுங்கள், வாயில் மிச்சம் இருந்தால் எடுத்துவிடுங்கள். டாக்டருக்குப் போன் செய்யுங்கள், கிடைக்காவிட்டால் 1962க்கு அழையுங்கள், தமிழ்நாட்டில் கால்நடை ஆம்புலன்சுக்கான எண் அது. சென்னையில் இருந்தால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மேற்கே இருந்தால் நாமக்கல் கல்லூரி. தின்ற செடியின் கிளை ஒன்றை, பூவோடு கிடைத்தால் நல்லது, எடுத்து வையுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு என்று தோராயமாகவாவது குறித்துக்கொள்ளுங்கள்.

செய்யக் கூடாதது இரண்டு. மோர், விளக்கெண்ணெய், புளித்தண்ணீர் என்று மூங்கில் குழாயிலோ பாட்டிலிலோ வாயில் புகட்டாதீர்கள், மாட்டுக்கே சில நேரம் நுரையீரலுக்குப் போய்விடும், குதிரைக்குக் கேட்கவே வேண்டாம். கரித்தூளும் மருத்துவர் குழாய் வழியாகக் கொடுப்பது, கிலோவுக்கு 1 முதல் 2 கிராம், அடுப்புக்கரி இல்லை. அப்புறம், வயிற்றுவலி என்றாலே குதிரையை நடத்துவது நம் பழக்கம். அரளி மாதிரி இதய நச்சு என்று துளி சந்தேகம் இருந்தாலும் நடத்தாதீர்கள், நிழலில் அசையாமல் நிற்கட்டும். அன்று நான் கயிற்றை அவிழ்த்ததை நினைத்தால் இப்போதும் பகீர் என்கிறது.

பக்கத்துத் தோட்டக்காரர் அரளியை எடுக்க மாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

அவர் நிலம், அவர் வேலி. சண்டை போட்டால் அடுத்த முறை வேண்டுமென்றே தள்ளுவார்கள். என் பக்கத்துக்காரரும் எடுக்கவில்லை. நான் என் எல்லைக்குள் எட்டடி தள்ளி இன்னொரு கம்பி வேலி போட்டேன், நடுவில் உள்ள இடத்தைப் பெருக்கி வைத்திருக்கிறேன். வெட்டுகிற ஆளிடம் பெட்டையைக் காட்டி நடந்ததைச் சொன்னேன், முகம் வெளுத்துவிட்டது பாவம். இப்போது அரிவாளை எடுக்கும் முன் போன் வருகிறது. குதிரைகளை லாயத்தில் அடைத்துவிட்டு நானும் ஒரு சாக்கோடு போகிறேன், வெட்டியதை இரண்டு பேருமாக அள்ளி, குதிரை போகாத மூலையில் தோண்டிய குழிக்குள் போட்டு மண் தள்ளிவிட்டு, அங்கேயே நின்று ஒரு டீ குடித்துவிட்டு வருகிறோம்.